வாட்டர்லூவில் இறங்கினால் வாட்டர்லூ போர்க்களம் வராது

ஜூன் 2, மாலை (வாசகர் கேள்வி)

என் மச்சான் குடும்பத்தோடு பெல்ஜியம் போயிருந்தார். பிரஸ்ஸல்ஸில் ரயில் ஏறி வாட்டர்லூ ஸ்டேஷனில் இறங்கி, ஊருக்குள் சுற்றி ஒரு புல்மேட்டைப் பிடித்துவிட்டார். அதன்மேல் நின்று, கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டு, நெப்போலியன் மாதிரி போஸ் கொடுத்து, "இங்கேதான் அவன் தோற்றான்" என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் படத்தைப் போட்டார். வாழ்த்து குவிந்தது. சித்தி மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பின்னாடி தள்ளுவண்டி வரிசையா நிக்குதே, என்னப்பா அது?" என்று கேட்டார். சூப்பர் மார்க்கெட் வண்டி நிறுத்தத்தின் ஓரத்து மண்மேடு! ஊர் பேர் வாட்டர்லூ, ஸ்டேஷன் பேர் வாட்டர்லூ. களம் மட்டும் எங்கே போனது?

ஜூன் 2, இரவு

மச்சானைக் குறை சொல்ல முடியாது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ ஊருக்குள் சண்டை நடக்கவே இல்லை. தெற்கே நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, மோன்-சேன்-ஜான் என்ற சிற்றூருக்கு அந்தப்பக்கம் இருக்கிற வயல்களில் நடந்தது. நெப்போலியனை எதிர்த்த பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தங்கியிருந்த சத்திரம்தான் வாட்டர்லூவில் இருந்தது. வெற்றிச் செய்தியை அவர் லண்டனுக்கு எழுதியபோது கடிதத்தின் தலையில் அந்த ஊர்ப்பெயர் ஏறியது, அதுவே நிலைத்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இதை மோன்-சேன்-ஜான் சண்டை என்றார்கள். வெலிங்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யத் தளபதி புளூஷருக்கு, களத்திலேயே இருந்த ஒரு சத்திரத்தின் பெயரை, லா பெல் அலியான்ஸ் என்று வைக்க ஆசை. அவர் சொன்ன பெயர் நின்றிருந்தால் மச்சான் சரியான இடத்திலேயே போய் நின்றிருப்பார்.

வெலிங்டன் தங்கிய சத்திரம் இப்போது வெலிங்டன் அருங்காட்சியகம். ஊருக்குள் வந்ததற்கு அதைப் பார்க்கலாம். களத்துக்குப் போக அதே ரயிலில் அடுத்த நிலையம் பிரேன்-லலூ. அங்கிருந்து கிழக்கே இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். உச்சியில் சிங்கம் நிற்கிற பச்சைக் கூம்பு கண்ணில் பட்டால் வழி சரி.

ஜூன் 3

"வேறு எங்கும் இப்படி நடக்குமா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நிறைய நடக்கும், ஒவ்வொன்றாக வருகிறேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: போரின் பெயரை மேப்பில் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். சண்டை எந்த மேட்டில், எந்தச் சாலையில், எந்தப் பண்ணை வீட்டில் நடந்தது என்று படித்து, அந்த இடங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைத் தட்டினால் மேப் பெரிய ஊரைக் காட்டும். "வாட்டர்லூ" என்று தட்டினால் லண்டன் ரயில் நிலையமும் கனடா நகரமும்கூட வரும்.

வாட்டர்லூவுக்குக் குறிக்க வேண்டியவை ஐந்து. சிங்க மேடு. அதற்குத் தென்மேற்கே ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஊகுமோன் பண்ணை. பிரஸ்ஸல்ஸ்–ஷார்லர்வா சாலையோரம் லா ஹே சேன்த் பண்ணை. அதே சாலையில் இன்னும் தெற்கே லா பெல் அலியான்ஸ். அதற்குத் தென்கிழக்கே, பிரஷ்யர்கள் வந்து மோதிய பிளான்ஸ்னுவா கிராமம். முதல் நாலையும் ஒரு காலைப்பொழுதில் நடந்து முடிக்கலாம். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் மோதிய களம் என்றாலும் முகப்பு ஐந்து கிலோமீட்டர்தான்.

லா ஹே சேன்த் தனியார் வீடு, உள்ளே விடமாட்டார்கள். சாலையில் வண்டிகள் பறக்கும். பண்ணைச் சுவரைப் படம் எடுக்கப் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நடுரோட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. படம் எடுக்கிறவர் நிற்க, மற்றவர்கள் நகரட்டும்.

ஜூன் 4

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: சிங்கம், பிரெஞ்சுக்காரர்களிடம் பிடித்த வெண்கலப் பீரங்கிகளை உருக்கி வார்த்தது என்று. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. அது வார்ப்பிரும்பு. லியேஜ் நகரை ஒட்டிய செரேன் என்ற இடத்தில், காக்கரில் ஆலையில், ஒன்பது துண்டுகளாக வார்த்துக் கொண்டுவந்து பொருத்தினார்கள். எடை 28 டன்.

ஜூன் 4, சற்றுப் பிறகு

இரும்பு என்றதும் இதைச் சொல்லாமல் விட முடியாது. மேட்டின் உச்சியில் போன் திசைகாட்டியை நம்பாதீர்கள். பக்கத்தில் பெரிய இரும்பும் கம்பி வேலியும் இருந்தால் காந்தமுள் பிசகும். ஒருவர் கையில் போனை வைத்துக்கொண்டு, "அதோ அது பிரெஞ்சுப் பக்கம், இதோ இது இங்கிலீஷ் பக்கம்" என்று குடும்பத்துக்கே முழுப் போரையும் விளக்கிக்கொண்டிருப்பார். எல்லாம் தலைகீழாக இருக்கும். பிரஷ்யர்கள் பின்மாலையில் கிழக்கிலிருந்து வந்தவர்கள். அவருடைய கணக்கில் மேற்கிலிருந்து வருவார்கள்.

சரிபார்க்க இரண்டு வழி. சிங்கம் பிரான்ஸைப் பார்த்து நிற்கிறது, அதாவது தெற்கே. அதன் முதுகுப்பக்கம் நீங்கள் நின்றால் உங்கள் எதிரே இருப்பது நெப்போலியன் அணி. இரண்டாவது வழி வெயில். ஜூன் மாதம் பெல்ஜியக் கடிகாரத்தில் மதியம் 1:45 வாக்கில்தான் சூரியன் நேர் தெற்கில் இருக்கும், 12 மணிக்கு அல்ல. கோடைக்கால நேரம் ஒரு மணி கூட்டுகிறது. அந்த ஊர் தன் நேர மண்டலத்தில் மேற்கே தள்ளி இருப்பது மீதியைக் கூட்டுகிறது. 12 மணிக்குச் சூரியனைப் பார்த்துத் தெற்கு என்று முடிவு கட்டினால் நன்றாகவே கிழக்கில் தள்ளிப்போவீர்கள்.

ஜூன் 6

"படத்தில் பெரிய முகடு என்று எழுதியிருக்கிறது, நேரில் போனால் தட்டையாக இருக்கிறது, வேறு இடத்துக்குப் போய்விட்டேனோ?" நல்ல கேள்வி. இடம் சரிதான். மண்ணைத்தான் எடுத்துவிட்டார்கள்.

வெலிங்டன் பக்கம் போரிட்ட நெதர்லாந்துப் பட்டத்து இளவரசருக்கு (ஆரஞ்சு இளவரசர் என்பது அவர் பட்டம்) காயம் பட்ட இடத்தில் நினைவுச்சின்னம் வேண்டும் என்று 1820 முதல் 1826 வரை அந்தக் கூம்பைக் கட்டினார்கள். உயரம் 40 மீட்டருக்கு மேல். ஏறத்தாழ மூன்று லட்சம் கன மீட்டர் மண் தேவைப்பட்டது. அதைச் சுற்றியிருந்த முகட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். வெலிங்டன் தன் படையைப் பீரங்கிக் குண்டிலிருந்து மறைத்து வைத்தது அந்த முகட்டின் பின்சரிவில்தான். போரை நினைவில் வைக்கக் கட்டிய சின்னம், போர் ஏன் அப்படி முடிந்தது என்பதற்கான சான்றைத் தின்றுவிட்டது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

ஆனால் பழைய உயரம் ஓர் இடத்தில் தப்பித்தது. லா ஹே சேன்த் பண்ணைக்குக் கிட்டே, சாலையோரம், வெலிங்டனின் உதவியாளர் அலெக்சாண்டர் கார்டனுக்கு 1817-ல் எழுப்பிய தூண் இருக்கிறது. மண் வெட்டியவர்கள் அதைத் தொடவில்லை. அதனால் தூண் இப்போது ஒரு மண்திட்டின் மேல், படியேறிப் போகும் உயரத்தில் நிற்கிறது. அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். தூணின் பீடம் தொடங்குகிற மட்டம்தான் 1815-ன் தரை. அந்த மட்டத்தை மனதில் பிடித்து, அப்படியே கூம்பின் பக்கம் கண்ணை ஓட்டினால் காணாமல் போன முகடு புரியும். இந்த ஒரு தூணுக்காகவே நடந்து போகலாம். கூம்பைப் படம் எடுக்கிற கூட்டம் இதன் பக்கம் வருவதில்லை.

ஜூன் 7

ஹேஸ்டிங்ஸ் கேட்டவருக்கு. 1066 அக்டோபர் 14, நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்து மன்னர் ஹெரால்டை வென்ற போர். வாட்டர்லூவின் அண்ணன் இது. களம் ஹேஸ்டிங்ஸில் இல்லை, வடமேற்கே பத்து கிலோமீட்டர் போலத் தள்ளி பேட்டில் என்ற ஊரில் இருக்கிறது. லண்டன் சேரிங் கிராஸிலிருந்து ஹேஸ்டிங்ஸ் போகும் ரயில் முதலில் பேட்டிலில் நின்றுவிட்டுத்தான் போகிறது. சன்னலோரம் உட்கார்ந்து, போர்ப்படம் போட்ட புத்தகத்தைப் புரட்டியபடியே போர் நடந்த ஊரைத் தாண்டிவிடுகிறார்கள்.

ஹேஸ்டிங்ஸில் இறங்கினால் குழப்பம் இன்னும் கூடும். அங்கே குன்றின்மேல் நார்மன் கோட்டை இடிபாடு இருக்கிறது, கடலும் தெரிகிறது. இங்கேதான் என்று நம்பி, ஹெரால்டு மன்னர் விழுந்த இடத்தைக் காவலரிடம் கேட்பார்கள். அந்த இடம் பேட்டில் மடத்தில் இருக்கிறது. வில்லியம் கட்டிய மடத்துக் கோயிலின் தலைமைப் பீடம் ஹெரால்டு விழுந்த இடத்தில் அமைந்தது என்பது மரபு. கோயில் இடிந்துபோய்ப் புல்தரையில் ஒரு கல் மட்டும் அடையாளம் காட்டுகிறது.

இங்கும் மண் மாறியிருக்கிறது. மடம் கட்ட மேட்டின் தலையைச் சமப்படுத்தினார்கள். அதனால் மேலே நின்று கீழே பார்ப்பதைவிட, சரிவின் அடிக்கு இறங்கி, நார்மன்கள் ஏறிய பக்கத்திலிருந்து மேலே நடந்து பாருங்கள். மூச்சு வாங்குவதே பாடம்.

ஜூன் 7, இரவு

இதைவிடப் பெரிய கூத்து அஜின்கூர். 1415 அக்டோபர் 25, இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுப் படையை வென்ற போர். ஆங்கிலப் புத்தகங்களில் எழுதுகிற எழுத்துக்கூட்டலை (Agincourt) அப்படியே வண்டியின் ஜிபிஎஸ்ஸில் தட்டினால், அதே எழுத்துக்கூட்டலில் ஒரு கிராமம் உண்மையாகவே பிரான்ஸில் இருக்கிறது! ஆனால் அது கிழக்கே நான்சி நகரத்துக்குப் பக்கத்தில். போர் நடந்தது வடக்கே பா-த-கலே மாவட்டத்தில். இரண்டுக்கும் இடையே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பிரெஞ்சுக்காரர்கள் போர் நடந்த ஊரை நடுவில் 'இசட்' போட்டு (Azincourt) எழுதுவார்கள். ஊர்ப்பெயரோடு மாவட்டப் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள், அல்லது பக்கத்து ஊரான எதேன் (Hesdin) பெயரைப் பாருங்கள். ஜிபிஎஸ் தூரத்தைக் காட்டும்போது சிரமம் பார்க்காமல் ஒருமுறை படியுங்கள். கலேயில் கப்பல் இறங்கியவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வர வேண்டிய ஊர், அரை நாள் என்று காட்டினால் எங்கோ பிசகிவிட்டது.

ஜூன் 9

போஸ்வொர்த். இங்கே பயணி சரியாகவே போய் இறங்குகிறார், தகவல் மையமும் இருக்கிறது, கொடியும் பறக்கிறது. களம்தான் வேறு இடத்தில்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டு 1485 ஆகஸ்ட் 22 அன்று மாண்ட இந்தப் போர் ஆம்பியன் குன்றில் நடந்தது என்று நெடுங்காலம் நம்பினார்கள். மையத்தை அங்கேயே கட்டினார்கள். பிறகு 2005-லிருந்து கிளென் ஃபோர்டு தலைமையில் உலோகங்காட்டியும் மண் ஆய்வுமாகச் சல்லடை போட்டுத் தேடினார்கள். தென்மேற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஃபென் லேன் என்ற பழைய ரோமானியச் சாலையோரம் ஈயக் குண்டுகள் முப்பதுக்கும் மேல் கிடைத்தன. முக்கியமாக, தங்க முலாம் பூசிய சின்னஞ்சிறு வெள்ளிக் காட்டுப்பன்றி ஒன்று. காட்டுப்பன்றி ரிச்சர்டின் சின்னம். அவரோடு நெருங்கி நின்றவர் அணிந்திருக்க வேண்டும். 2010-ல் இடத்தை அறிவித்தார்கள். மையத்தை நகர்த்த முடியாது, அது குன்றிலேயே இருக்கிறது.

குன்றில் நின்று "என் காலடியில்தான் மன்னர் விழுந்தார்" என்று உருகி நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், அறிஞர்களே அப்படித்தான் நம்பியிருந்தார்கள். மையத்தின் காட்சிக்கூடத்தை முதலில் பாருங்கள், உண்மையான இடம் எது என்று அங்கேயே விளக்குகிறார்கள். ஃபென் லேன் பக்கம் தனியார் வயல்கள். பொதுப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. மன்னரின் எலும்புக்கூடு 2012-ல் லெஸ்டர் நகரத்தில் வண்டி நிறுத்தத்தின் அடியில் கிடைத்தது. வண்டி நிறுத்தத்தில் நின்று படம் எடுத்த மச்சான் இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதல் அடைவார்.

ஜூன் 10

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் பற்றி: அங்கே பெயரும் களமும் ஒத்துப்போகின்றன. 1863 ஜூலை 1 முதல் 3 வரை ஊருக்குள்ளும் ஊரைச் சுற்றியும் நடந்தது. அங்கே ஆட்கள் மாட்டுவது டெவில்ஸ் டென் பாறைகளில். இரண்டு பாறைகளுக்கு நடுவே கல்சுவர், அதன் பின்னால் விழுந்து கிடக்கும் தென்மாநிலப் படை வீரன் என்று புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. அதே இடத்தில் படுத்துப் படம் எடுக்க வரிசை நிற்கும். உண்மையில் அலெக்சாண்டர் கார்ட்னர் குழுவினர் வேறு இடத்தில் கிடந்த உடலை முப்பத்தைந்து மீட்டர் போலத் தூக்கி வந்து அங்கே கிடத்தி எடுத்த படம் அது. ஜூலை வெயிலில் பாறை சுடும். மேல்சட்டைப் பையில் போன் வைத்துக்கொண்டு படுத்தால் அது இடுக்கில் நழுவிவிடும்.

ஜூன் 11

சேற்றை எப்படிச் சமாளிப்பது என்று ஒரு கேள்வி. கேட்டவர் வாட்டர்லூ இருக்கிற பிரபாண்ட் பகுதி வயலில் ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்தவர் போலிருக்கிறது. அந்தப் பக்கத்து மண் காற்று கொண்டுவந்து படிந்த நுண்ணிய வண்டல். காய்ந்தால் மாவு, நனைந்தால் பசை. 1815-ல் முந்தைய இரவு கொட்டிய மழையால் நெப்போலியனே பீரங்கியை நகர்த்தத் திணறி, காலை 11:30 வரை காத்திருக்க நேர்ந்தது. நனைந்த தரையில் குண்டு எகிறிக் குதிக்காமல் புதைந்துபோகும் என்ற கவலையும் அவருக்கு இருந்தது.

கணுக்கால் வரை இறுகக் கட்டுகிற ஷூ போடுங்கள். குதிங்கால் பட்டை இல்லாத எதுவும் சேற்றிலேயே தங்கிவிடும். சிக்கிக்கொண்டால் நேராக மேலே இழுக்காதீர்கள், அடியில் காற்றுப் போக வழி இல்லாமல் உறிஞ்சிப் பிடிக்கும். குதிங்காலைப் பக்கவாட்டில் இரண்டு மூன்று முறை அசைத்து, காற்றுப் புகுந்த பிறகு முன்பாதத்தை எடுங்கள். அறைக்கு வந்து உடனே கழுவ வேண்டாம். உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஓர் இரவு நிழலில் விட்டால் மண் தட்டினாலே உதிரும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டிய அடிப்பாகம் பிரியும்.

ஜூன் 11, மீண்டும்

பயிர் பற்றி எழுத விட்டுப்போனது. ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் மக்காச்சோளம் தலைக்கு மேல் நிற்கும், பாதையிலிருந்து இலையைத் தவிர எதுவும் தெரியாது. ஒரு வகையில் அது பொருத்தம்தான்: 1815 ஜூனில் அந்த வயல்களில் ரை தானியம் ஆள் உயரத்துக்கு நின்றது, எதிரி இருபதடியில் வரும்வரை தெரியாமல் படைகள் முட்டிக்கொண்டன. நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் அறுவடை முடிந்த பிறகு, அல்லது ஏப்ரலில் போங்கள்.

ஜூன் 13

தெர்மோபிலே. கி.மு. 480, கிரேக்கத்தில் பாரசீகப் படையை ஸ்பார்ட்டர்கள் தடுத்து நின்ற இடம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவே ஒரு வண்டி போகும் இடுக்கு என்று படித்துவிட்டுப் போகிறவர் கடலைத் தேடுவார். கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஸ்பெர்கியோஸ் ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டி வளைகுடாவைத் தூர்த்துவிட்டது. நெடுஞ்சாலையோரம் 1955-ல் வைத்த, ஸ்பார்ட்டா மன்னர் லியோனிடாஸின் சிலை இருக்கிறது. எல்லோரும் அங்கே படம் எடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கிற சிறிய குன்றுதான் கொலோனோஸ், கடைசி ஸ்பார்ட்டர்கள் நின்று மடிந்த இடம். 1939-ல் தொல்லியலாளர் மரினாடோஸ் தோண்டியபோது அம்பு முனைகள் குவியலாகக் கிடைத்தது அங்கேதான். மேலே சிமோனிடீஸின் கவிதை பொறித்த கல் இருக்கிறது. சாலையைக் கடந்தால் ஐந்து நிமிட ஏற்றம்.

பக்கத்திலேயே கந்தக வெந்நீர் ஊற்று. அலுப்புத் தீர இறங்கிக் குளிக்கிறவர்கள் வெள்ளிக் கொலுசு, மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள். நீரில் இருக்கும் கந்தக வாயு பட்டதும் வெள்ளி கறுத்துவிடும். போலி வெள்ளியை விற்று ஏமாற்றிவிட்டான் என்று வாங்கிய கடைக்காரரைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். வெள்ளி கெட்டுப்போகவில்லை. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, நகை அதைத் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு அலுமினியத்துக்குப் போய்விடும், அழுகிய முட்டை நாற்றம் வரும். முத்து, பவளம், ஒட்டிய கல் பதித்தவற்றுக்கு இது கூடாது.

ஜூன் 14

இன்னொன்று யோசித்தேன். சிங்க மேட்டில் முதலில் ஏறச் சொல்வது வழக்கம், முழுக் களமும் தெரியும் என்பதால். வயதானவர்களோடு போகிறவர்கள் கடைசியில் ஏறுவதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன். 226 படி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முழங்கால். முதலிலேயே ஏறி இறங்கி முழங்கால் நடுங்கினால் ஊகுமோன் வரை நடக்க மனம் வராது, அதுதான் தவறவிடக் கூடாத இடம். களத்தை முன்கூட்டியே ஒரே பார்வையில் பிடிக்க, மேட்டின் அடியில் 1912-ன் வட்டச் சித்திரக் கூடம் இருக்கிறது: 110 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரம். அதைப் பார்த்துவிட்டு நடையைத் தொடங்கலாம். உச்சியில் காற்று பலம். தொப்பியை மடித்துப் பையில் வையுங்கள். பறந்துவிட்டால் புல்சரிவில் இறங்கி எடுக்கப் போகாதீர்கள்.

ஜூன் 15

இன்று வந்த கேள்வி: "உழுத வயல் ஓரத்தில் துருப்பிடித்த உருண்டை கிடந்தது, நினைவாக எடுத்து வரலாமா?" வாட்டர்லூவில் அனுமதி இல்லாமல் தேடுவதும் எடுப்பதும் சட்டப்படி குற்றம். கெட்டிஸ்பர்க் அமெரிக்க தேசியப் பூங்கா, ஒரு தோட்டாவை எடுத்தாலும் வழக்கு. ஆனால் வெர்டன், சொம், ஈப்ர் பக்கம் விஷயமே வேறு. அங்கே கிடப்பது முதல் உலகப் போரின் வெடிக்காத குண்டாக இருக்கலாம், விஷவாயு நிரப்பியதாகவும் இருக்கலாம். நூறு ஆண்டுத் துரு அதைச் சாதுவாக்கவில்லை, உள்ளே இருக்கும் பொறியை இன்னும் நிலையற்றதாக்கியிருக்கிறது. உழவர்கள் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் எடுத்து வரப்போரம் வைக்கிறார்கள், ராணுவம் வந்து அள்ளிப்போகிறது. அதனால் வரப்போரம், மின்கம்பத்தடியில் அடுக்கி வைத்திருப்பது காட்சிப்பொருள் இல்லை. அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். தொடாமல், காலால் புரட்டாமல், வந்த வழியே பின்னால் நடந்து விலகுங்கள். தூரத்திலிருந்து மேப்பில் இடத்தைக் குறித்து, பக்கத்து ஊராட்சி அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ காட்டுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் 112.